தவளையின் மூளைத்தண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விலங்கியல் பாடநூல்களில் தவளை மூளையின் கடைசிப் பகுதியான முகுளத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே வரி. மூச்சையும் இதயத்துடிப்பையும் அனிச்சைச் செயல்களையும் அது கட்டுப்படுத்துகிறது என்று எழுதிவிட்டு அடுத்த உறுப்புக்குப் போய்விடுகிறார்கள். தவளை மூச்சு இழுப்பதும், துணையை அழைத்துக் கத்துவதும், இரையைப் பிடித்து விழுங்குவதும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிக் கிடக்கின்றன. இத்தனை வேலைகளுக்கும் தவளையிடம் இருப்பது ஒரே வாயும் ஒரே தொண்டையும்தான். எந்த நேரத்தில் எந்த வேலைக்கு அவற்றைக் கொடுப்பது என்பது மூளைத்தண்டில் முடிவாகிறது. மாணவர்களும் ஆர்வலர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு அந்தக் கோணத்திலிருந்தே இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மூளைத்தண்டு என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

நடுமூளையும் பின்மூளையின் முகுளமும் சேர்ந்ததே மூளைத்தண்டு. முன்னால் அது இடைமூளையைத் தொடுகிறது. பின்னால் மண்டையோட்டின் பெருந்துளை வழியாகத் தண்டுவடமாகத் தொடர்கிறது. முகுளம் எங்கே முடிந்து தண்டுவடம் எங்கே தொடங்குகிறது என்று கத்தியால் கோடு போட்டதுபோல் காட்ட முடியாது. படிப்படியாக ஒடுங்கி ஒன்று மற்றொன்றாகிவிடுகிறது.

மனித மூளைத்தண்டைப் படித்துவிட்டு வருபவர்கள் இரண்டு வேறுபாடுகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, தவளையின் மூளை ஏறக்குறைய நேர்க்கோட்டில் நீண்டு கிடக்கிறது. நம்முடையதைப்போல் மடிந்து நிமிர்ந்து நிற்பதில்லை. மற்றொன்று, நமக்கு நடுமூளைக்கும் முகுளத்துக்கும் இடையே புடைத்துத் தெரியும் பான்ஸ் தவளையில் தனிப் பகுதியாக இல்லை. நடுமூளையின் கூரையான பார்வைக் கோளங்களை மூளைத்தண்டில் சேர்க்காத ஆசிரியர்களும் உண்டு. அவற்றை விட்டுவிட்டால் தவளையின் நடுமூளையைப் பற்றிப் பேச அதிகம் மிஞ்சாது என்பதால் நான் சேர்த்தே எழுதுகிறேன்.

மேலிருந்து பார்த்தால் எதெது தெரியும்?

முன்னிருந்து பின்னாக நுகர்ச்சிக் கதுப்புகள், பெருமூளை அரைக்கோளங்கள், சிறிய இடைமூளை, அதன் பின்னே இரண்டு உருண்டையான பார்வைக் கோளங்கள். மூளையின் மிக அகலமான இடம் இந்தக் கோளங்கள்தான். உள்ளே குழிவாக இருக்கும். அவற்றின் பின்புறம் குறுக்காக ஒரு மெல்லிய மேடு தெரியும். அதுதான் சிறுமூளை. பறவை, பாலூட்டிகளின் சிறுமூளையை மனத்தில் வைத்துக்கொண்டு தேடினால் கண்ணில் படாமலே போய்விடும்.

சிறுமூளைக்குப் பின்னால் முகுளத்தின் மேற்புறத்தில் முக்கோண வடிவக் குழி ஒன்று இருக்கிறது. அது நான்காம் மூளை அறை. இரத்தக் குழாய்கள் நிறைந்த மெல்லிய சவ்வு, அதாவது பின் கோராய்டு பின்னல், அதன்மேல் கூரையாகப் படர்ந்திருக்கும். மூளைத் தண்டுவடத் திரவம் சுரக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. சவ்வை விலக்கினால்தான் முகுளத்தின் உண்மையான மேற்பரப்பு தெரியும்.

கபால நரம்புகள் எத்தனை? எவை மூளைத்தண்டிலிருந்து புறப்படுகின்றன?

பத்து இணைகள். நுகர்ச்சி நரம்பும் பார்வை நரம்பும் முன்மூளையைச் சேர்ந்தவை. மீதி எட்டும் மூளைத்தண்டுக்குரியவை. மூன்றாவது நடுமூளையின் அடிப்புறத்திலிருந்தும், நான்காவது அதன் மேற்புறத்திலிருந்தும் வெளிவருகின்றன. முதுகெலும்புள்ள விலங்குகள் அனைத்திலும் மூளையின் மேற்புறம் வழியாக வெளியே வரும் கபால நரம்பு இந்த நான்காவது மட்டுமே. ஐந்து முதல் பத்து வரை முகுளத்திலிருந்து வருகின்றன.

மனப்பாடம் செய்வதைவிட எது எங்கே போகிறது என்று பார்ப்பது நல்லது. ஐந்தாவது முகத்தின் தொடு உணர்வைக் கொண்டுவருகிறது. தாடையை மூடும் தசைகளையும் வாயின் தரையிலுள்ள தசைகளையும் இயக்குகிறது. ஏழாவது தாடையைத் திறக்கும் தசைக்கும், தொண்டைத் தரையின் பின்பகுதிக்கும் போகிறது. எட்டாவது செவி நரம்பு. ஒன்பதாவது நாக்கின் சுவையோடும் தொண்டையோடும் தொடர்புடையது. பத்தாவதான வேகஸ் குரல்வளை, நுரையீரல், இதயம், இரைப்பை என்று நீண்ட பயணம் போகிறது. ஆக, வாயைச் சுற்றியுள்ள தசைகள் ஒரே நரம்பின் பொறுப்பில் இல்லை. அவற்றை ஒரே தாளத்தில் இயக்குவது முகுளத்தின் பெரிய வேலை.

ஐந்தாவது, ஏழாவது நரம்புகளின் முடிச்சுகள், அதாவது நரம்புச் செல்களின் திரள்கள், தவளையில் ஒன்றோடொன்று இணைந்து புரூட்டிக் முடிச்சாகக் காணப்படும். ஒன்பதும் பத்தும் நெருங்கிய வேர்களாகப் புறப்பட்டுப் பொது முடிச்சு ஒன்றைப் பகிர்ந்துகொள்கின்றன. அறுவைப் படங்களில் நரம்பு எண்ணிக்கை குறைவதுபோல் தோன்றுவதற்கு இந்த இணைவுகளே காரணம்.

அப்படியானால் நாக்கை அசைக்கும் நரம்பு எது?

நமக்குப் பன்னிரண்டாவது கபால நரம்பாக இருக்கும் நாவடி நரம்பு தவளையில் மண்டையோட்டுக்கு வெளியே, தண்டுவட நரம்பாக வருகிறது. அதை முதல் தண்டுவட நரம்பு என்று பாடநூல்களும், இரண்டாவது என்று பல ஆய்வுக் கட்டுரைகளும் எழுதுகின்றன. வளர்ச்சியின்போது உண்மையான முதல் நரம்பு மறைந்துவிடுவதால் வந்த குழப்பம் அது. இரண்டும் ஒரே நரம்பைத்தான் குறிக்கின்றன. அதன் செல்கள் முகுளத்தின் கடைசிப் பகுதியிலும் தண்டுவடத்தின் தொடக்கத்திலும் இருக்கின்றன. மூச்சுக்கும் இரை பிடிப்பதற்கும் ஒருசேரத் தேவைப்படும் நரம்பு அது.

உள்ளமைப்பு எப்படி இருக்கும்?

குறுக்குவெட்டில் பார்த்தால் நியூரான்களின் செல் உடல்கள் பெரும்பாலும் நான்காம் அறையை ஒட்டி நெருக்கமாக இருக்கும். கிளைகள் மட்டும் வெளிப்புற வெண்பகுதிக்குள் நீளும். பாலூட்டிகளில் செல்கள் இடம்பெயர்ந்து, உட்கருக்கள் எனப்படும் தனித்தனிச் செல் கூட்டங்களாகத் திரண்டிருக்கும். தவளையில் அந்த எல்லைகள் மங்கலானவை. எளிமையான அமைப்பு என்று இதைச் சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். செல் உடலைப் பார்த்து எடைபோடுவதால் வரும் தவறு அது. கிளைகள் பரவும் வெண்பகுதியில்தான் இணைப்புகள் நடக்கின்றன.

உணர்வு வரும் பகுதி மேற்புறமாகவும் பக்கவாட்டிலும், இயக்கம் போகும் பகுதி நடுக்கோட்டை ஒட்டி அடிப்புறமாகவும் நீண்ட பத்திகளாக அமைந்திருக்கின்றன. இவற்றுக்கிடையே வலையமைப்புப் பகுதி பரவியிருக்கிறது; தண்டுவடத்துக்கு இறங்கும் கட்டளைகளில் பெரும்பங்கு அங்கிருந்து போகிறது. நடுக்கோட்டில் செரட்டோனின் என்ற நரம்பு வேதிப்பொருளைச் சுரக்கும் ராஃபே செல்கள் உள்ளன.

கருவில் பின்மூளை ரோம்போமியர் எனப்படும் எட்டுத் துண்டங்களாகப் பிரிந்து வளர்கிறது. நரம்புகளின் முகவரியை அறிய இது மிகவும் உதவும். ஐந்தாவது நரம்பின் இயக்கச் செல்கள் இரண்டு, மூன்றாம் துண்டங்களிலும், கண்ணை வெளிப்புறம் திருப்பும் ஆறாவது நரம்பின் செல்கள் ஐந்தாம் துண்டத்திலும் இருக்கின்றன. வளர்ந்த தவளையிலும் இந்த முகவரிகள் பெரும்பாலும் அப்படியே நீடிக்கின்றன.

உதரவிதானம் இல்லாத தவளை எப்படி மூச்சு விடுகிறது? மூளைத்தண்டின் பங்கு என்ன?

தவளைக்கு விரிந்து சுருங்கும் விலாக்கூடும் இல்லை. கொல்லனின் துருத்திபோல் வாயின் தரையை இறக்கி ஏற்றித்தான் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகிறது. 1969-இல் கார்ல் கான்ஸும் கூட்டாளிகளும் புல்ஃபிராக் எனப்படும் அமெரிக்கப் பெருந்தவளையில் இதன் வரிசையைத் தெளிவாக விளக்கினார்கள். முதலில் தரை இறங்கி, நாசித் துளைகள் வழியாக வாய்க்குள் காற்று வருகிறது. பிறகு குரல்வளைத் துளை திறந்து நுரையீரலின் பழைய காற்று வெளியேறுகிறது. உடனே நாசித் துளைகள் மூடுகின்றன; தரை உயர்கிறது; வாயிலுள்ள காற்று நுரையீரலுக்குள் செல்கிறது. குரல்வளைத் துளை மூடிக்கொள்கிறது. இந்தப் பெரிய மூச்சுகளுக்கு இடையே தொண்டை மட்டும் லேசாகத் துடித்துக்கொண்டே இருக்கும். உட்கார்ந்திருக்கும் தவளையைப் பார்க்கும் எவரும் அந்தத் துடிப்பைக் கண்டிருப்பார்கள். அது வாய்க்குள் காற்றை மாற்றும் சிறு மூச்சு; நுரையீரலுக்குப் போவதில்லை.

இந்த இரண்டு தாளங்களுக்கும் உடலே தேவையில்லை என்பதுதான் வியப்பு. மூளைத்தண்டைத் தனியே எடுத்து ஆக்சிஜன் கலந்த உப்புக் கரைசலில் வைத்தால், நுரையீரலோ வாயோ இல்லாத நிலையிலும், ஐந்து, ஏழு, பத்தாம் நரம்புகளின் வேர்களிலும் நாவடி நரம்பிலும் மூச்சின் மின்துடிப்புகள் பல மணிநேரம் வந்துகொண்டிருக்கும். சிறு துடிப்பு வாய் மூச்சுக்குரியது. பெரிய துடிப்பு நுரையீரல் மூச்சுக்குரியது. கரைசலில் கார்பன் டைஆக்சைடைக் கூட்டினால் நுரையீரல் துடிப்புகள் அதிகரிக்கும். காற்றின் தேவையை உணரும் செல்களும் அந்தத் துண்டுக்குள்ளேயே இருக்கின்றன.

2002-இல் வில்சன், ரெம்மர்ஸ் ஆகியோரின் குழு இவை இரண்டு தனித்தனித் தாள மையங்கள் என்பதற்கான சான்றுகளை வெளியிட்டது. நுரையீரல் மையம் எட்டு, ஒன்பதாம் நரம்புகளின் மட்டங்களுக்கு இடையிலும், வாய் மையம் அதற்குப் பின்னே வேகஸ் மட்டத்திலும் உள்ளன. மார்ஃபின் வகை மருந்துகள் நுரையீரல் தாளத்தை அடக்குகின்றன. வாய்த் தாளம் தொடர்கிறது. பாலூட்டிகளின் மூச்சு மையங்களும் இதே பழைய இணையிலிருந்து வந்தவையாக இருக்கலாம் என்ற கருத்து உண்டு. விவாதம் முடியவில்லை. என்றாலும் அதைப் பொருட்படுத்தத் தக்க கருத்தாகவே நான் கருதுகிறேன்.

குளிர்காலம் முழுக்கத் தண்ணீருக்கடியில் கிடக்கும் தவளையின் மூச்சு மையம் செயலிழந்துவிடாதா?

வட அமெரிக்காவில் பனி மூடிய குளங்களுக்கு அடியில் புல்ஃபிராக் தவளைகள் தோல் வழியாகவே ஆக்சிஜனைப் பெற்று மாதக்கணக்கில் கிடக்கின்றன. நுரையீரல் மூச்சுச் சுற்று அத்தனை நாளும் சும்மா இருக்கிறது. வெளியே வந்ததும் எப்படி உடனே வேலை செய்கிறது என்பதை ஜோசப் சான்டினும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் விளக்கினார்கள். செயலற்றிருந்த காலத்தில் மூச்சுத் தசைகளை இயக்கும் நியூரான்கள் தங்களுக்கு வரும் இணைப்புகளின் வலிமையைக் கூட்டிக்கொள்கின்றன. 2021-இல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. ஆக்சிஜன் இல்லாவிட்டால் சில நிமிடங்களில் அடங்கிவிடும் இதே மூளைத்தண்டுச் சுற்று, குளிர்காலத் துயிலுக்குப் பிறகு சுமார் இரண்டு மணிநேரம் தாக்குப்பிடிக்கிறது. பக்கவாதம் பற்றி ஆராய்பவர்கள் தவளையை ஏன் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பது இதிலிருந்து புரியும்.

தவளையின் கத்தல் எங்கே உருவாகிறது?

இதுவும் மூளைத்தண்டில்தான். ராபர்ட் ஷ்மிட் 1970-களில் சிறுத்தைத் தவளையின் மூளைத்தண்டைப் பிரித்தெடுத்து, இணைசேர அழைக்கும் கத்தலுக்குரிய நரம்புத் துடிப்புகளை அதிலிருந்து பதிவு செய்தார். ஐந்தாம் நரம்பின் உட்கருவுக்குச் சற்று முன்னே இருக்கும் பகுதி அதற்கு முக்கியமானது என்றும் காட்டினார். இத்தகைய தவளைகள் கத்தும்போது நாசித் துளைகளை மூடிக்கொண்டு, அதே காற்றை நுரையீரலுக்கும் வாய்க்கும் இடையே குரல்வளை வழியாக மாற்றி மாற்றி அனுப்புகின்றன. மூச்சுவிடும் தசைகள்தான், வரிசை மட்டும் வேறு. கத்தல் மூச்சிலிருந்து பிறந்தது என்று ஷ்மிட் வாதிட்டதன் அடிப்படை இதுதான்.

ஆப்பிரிக்காவின் ஸெனோபஸ் லேவிஸ் என்ற நீர்வாழ் தவளை தண்ணீருக்கடியில் காற்றோட்டமே இல்லாமல் பாடுகிறது. குரல்வளையின் இரு குருத்தெலும்புத் தட்டுகள் சட்டென்று விலகும்போது ஒரு 'கிளிக்' ஒலி எழுகிறது. ஆணின் பாட்டில் வினாடிக்குச் சுமார் 60 கிளிக்குகள் கொண்ட வேகப் பகுதியும், சுமார் 30 கொண்ட மெதுவான பகுதியும் மாறி மாறி வரும். தட்டில் வைத்த தனி மூளையின்மேல் செரட்டோனினைச் சேர்த்தால், குரல்வளை நரம்பில் இதே பாட்டின் துடிப்புகள் எழுகின்றன. டார்சி கெல்லி, அயாகோ யமாகுச்சி ஆகியோரின் ஆய்வுக்கூடங்களிலிருந்து வந்த அறிவு இது. வேகப் பகுதிக்கான சுற்று, பின்மூளையின் முன்பகுதியிலுள்ள பாராபிரேக்கியல் பகுதியையும் குரல்வளை இயக்கச் செல்களையும் சேர்த்து ஓடுகிறது. மெதுவான பகுதி முகுளத்தின் பின்பாதியிலேயே உருவாகிவிடுகிறது. வளர்ந்த பெண் தவளைக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் ஆண் பாட்டைப் பாடத் தொடங்குகிறது.

கேட்பது?

உட்செவியில் தாழ்ந்த ஒலிகளுக்கும் உயர்ந்த ஒலிகளுக்கும் தனித்தனி உறுப்புகள் உள்ளன. எட்டாம் நரம்பு முகுளத்தின் மேற்பக்க உட்கருவில் முடிகிறது. அங்கிருந்து மேல் ஆலிவ் உட்கரு வழியாகச் செய்தி நடுமூளைக்கு ஏறி, பார்வைக் கோளங்களுக்கு அடியிலுள்ள டோரஸ் செமிசர்குலாரிஸ் என்ற கேட்கும் பகுதியை அடைகிறது. அங்கே எண்ணத் தெரிந்த நியூரான்கள் இருப்பதாக 2002-இல் எட்வர்ட்ஸ், ஆல்டர், ரோஸ் ஆகியோர் காட்டினார்கள். சரியான இடைவெளியில் வரும் ஒலித்துடிப்புகள் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால்தான் அவை பதிலளிக்கும். நடுவே ஒரு இடைவெளி தவறினாலும் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பல இனங்கள் ஒரே குளத்தில் ஒரே இரவில் கத்தும்போது தன் இனத்தின் குரலைப் பிரித்தறிய இது எவ்வளவு பயன்படும் என்று சொல்லத் தேவையில்லை.

பார்வைக் கோளங்கள் பார்ப்பதற்கு மட்டுமா?

பார்த்ததை நோக்கித் திரும்புவதற்கும் பாய்வதற்கும் சேர்த்துத்தான். கோளத்தின் கூரையான டெக்டத்தை ஒன்பது அடுக்குகளாகப் பிரிப்பது வழக்கம். 1959-இல் லெட்வின், மாத்துரானா, மெக்கல்லக், பிட்ஸ் ஆகிய நால்வரும் விழித்திரையிலிருந்து வரும் நான்கு வகை நரம்பிழைகள் டெக்டத்தில் வெவ்வேறு ஆழங்களில் முடிவதைக் கண்டார்கள். சிறிய, நகரும், கருத்த பொருளுக்கு மட்டும் பதிலளிக்கும் இழைகள் அவற்றில் ஒரு வகை. பூச்சி என்ற செய்தி கண்ணிலேயே பாதி உருவாகிவிடுகிறது.

டெக்டத்தில் பார்வைப் புலத்தின் வரைபடம் இருக்கிறது. 1940-களில் ரோஜர் ஸ்பெர்ரி பார்வை நரம்பை வெட்டி, கண்ணை 180 பாகை திருப்பி வைத்தார். நரம்பு மீண்டும் வளர்ந்தது. தவளையும் மீண்டும் பார்த்தது. ஆனால் மேலே இருந்த ஈயைப் பிடிக்கக் கீழே பாய்ந்தது. எத்தனை முறை தோற்றாலும் அது திருத்திக்கொள்ளவில்லை. ஒவ்வொரு இழையும் டெக்டத்தில் தன் பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்திருந்தது.

1973-இல் டேவிட் இங்கிள் ஒரு பக்க டெக்டத்தை அகற்றினார். அந்த டெக்டத்தில் முடிந்துகொண்டிருந்த கண்ணின் இழைகள், எஞ்சியிருந்த மறுபக்க டெக்டத்துக்கு வளர்ந்தன. இரையைப் பார்த்தால் தவளை கண்ணாடிப் பிம்பம்போல் மறுபக்கம் பாய்ந்தது. அதே கண்ணால் தடுப்பைப் பார்த்தபோது சரியாக விலகிக் குதித்தது. தடுப்பைத் தவிர்க்கும் வேலை டெக்டத்துக்கு முன்னேயுள்ள பிரீடெக்டத்துடையது, அது சேதப்படவில்லை. பார்வை ஒன்றல்ல, வேலைக்கேற்பப் பல பாதைகள் என்பதை இவ்வளவு எளிதாகக் காட்டும் சோதனை வேறொன்றை நான் படித்ததில்லை.

விழுங்கும்போது தவளை ஏன் கண்ணை மூடுகிறது?

மூடுவது மட்டுமில்லை, கண்விழிகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வாயின் கூரைக்குள் இறங்கும் விழிகள் இரையைத் தொண்டைக்குள் தள்ள உதவுகின்றன. அந்தத் தசையை இயக்குவது ஆறாவது நரம்பு.

தலைப்பிரட்டையின் மூளைத்தண்டும் தவளையின் மூளைத்தண்டும் ஒன்றா?

அதே தண்டுதான், வேலைகள் மாறுகின்றன. தலைப்பிரட்டைக்கு நீரின் அசைவை உணரும் பக்கக்கோட்டு உறுப்பு உண்டு. அதன் நரம்புகள் முகுளத்தில் முடிகின்றன. பெரும்பாலான தவளைகள் உருமாற்றத்தில் இதை இழக்கின்றன. நீரிலேயே வாழும் ஸெனோபஸ் வைத்துக்கொள்கிறது. நான்காம் ரோம்போமியரில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் ராட்சத மௌத்னர் செல்கள், ஆபத்து வந்ததும் வாலைச் சுழற்றித் தப்ப உதவுகின்றன. வால் போனபின் இவையும் அழியும் என்று நினைத்திருந்தார்கள். பல இனங்களில் வளர்ந்த பிறகும் தப்பிப் பிழைப்பதாக 1986-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு காட்டியது.

தாடை இன்னும் சுவையான கதை. பாசியைச் சுரண்டும் தலைப்பிரட்டையின் தாடைத் தசைகள் அழிந்து, இரை பிடிக்கும் புதிய தசைகள் உருவாகின்றன. ஐந்தாம் நரம்பின் இயக்கச் செல்களோ அழிவதில்லை. பழைய தசையை விட்டுவிட்டுப் புதிய தசையைப் பிடித்துக்கொள்கின்றன.

நீந்தும்போது தலை இடவலமாக ஆடுமே, பார்வை கலங்காதா என்ற கேள்விக்கு 2012-இல் பதில் கிடைத்தது. ஸெனோபஸ் தலைப்பிரட்டையின் தண்டுவடம் வாலுக்கு அனுப்பும் நீச்சல் தாளத்தின் நகலை மூளைத்தண்டின் கண் நரம்புகளுக்கும் அனுப்புகிறது. தலை திரும்பும் அதே கணத்தில் கண் எதிர்த்திசையில் திரும்புகிறது.

பெருமூளையை அகற்றினால் தவளை என்ன செய்யும்?

ஃபிரீட்ரிக் கோல்ட்ஸ் 1860-களில் இதைச் சோதித்தார். மூளைத்தண்டு முழுதாக இருந்தால் தவளை இயல்பாக உட்காரும், புரட்டிப்போட்டால் நிமிரும், பலகையைச் சாய்த்தால் சமநிலைக்காக ஏறிச் செல்லும். முதுகை மெதுவாகத் தடவினால் ஒவ்வொரு முறையும் கத்தும். முகுளத்தையும் நீக்கிவிட்டால் மூச்சும் நிமிர்தலும் போய்விடும். எஞ்சிய தண்டுவடம், தோலில் வைத்த அமிலத்தைக் காலால் துடைக்கும் அளவுக்கு மட்டும் செயல்படும்.

இதயத்தோடு என்ன தொடர்பு?

வேகஸ் நரம்பைத் தூண்டினால் இதயம் துடிப்பதற்குப் பதில் நின்றுவிடுகிறது என்று வெபர் சகோதரர்கள் 1845-இல் தவளையில் காட்டினார்கள். ஒரு நரம்பு உறுப்பை அடக்கவும் செய்யும் என்ற எண்ணமே அன்று புதிது. அது எப்படி அடக்குகிறது என்பதை 1921-இல் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களைக் கொண்டு நிறுவினார். வேகஸால் அடக்கப்பட்ட இதயத்தின் திரவத்தை மற்றொன்றில் ஊற்றியதும் அதுவும் மெதுவானது. நரம்புகள் வேதிப்பொருளால் பேசுகின்றன என்பதற்கான அந்தச் சான்று 1936-இல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு பெற்றுத் தந்தது. தவளையின் கழுத்தில் கிடைக்கும் வேகஸில், மண்டையோட்டுக்கு வெளியே வந்து சேரும் பரிவு நரம்பிழைகளும் கலந்திருக்கும். அவை இதயத்தை வேகப்படுத்தும். முகுளத்திலிருந்து வருவது அடக்கும் இழைகள் மட்டுமே.

இதையெல்லாம் படிக்கத் தவளையை அறுக்க வேண்டுமா?

வேண்டாம். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2011 முதல் விலங்கு அறுவையைக் குறைக்கவும், 2014-இல் விலங்கியல் பட்டப் படிப்புகளில் நிறுத்தவும் சொல்லிவிட்டது. அதை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். கல்லூரிகளில் பாதுகாத்து வைத்திருக்கும் பழைய மாதிரி ஒன்று கிடைத்தால் முதலில் பார்வைக் கோளங்களைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து பின்னோக்கிச் சிறுமூளை, முக்கோணக் குழி என்று வாருங்கள். பிறகு புரட்டி, அடிப்புறத்தில் நரம்பு வேர்களை முன்னிருந்து எண்ணுங்கள். மாதிரி இல்லையென்றால் ஒரு தாளில் வாயின் தரை, நாசி, குரல்வளை, தாடை, நாக்கு, கண் ஆகியவற்றை வரைந்து, ஒவ்வொன்றிலிருந்தும் அதன் நரம்பு எண் வழியாக முகுளம் வரை கோடு இழுங்கள். எண்களை மட்டும் ஒப்பிப்பதைவிட அந்தப் படம் அதிகம் கற்றுத்தரும்.